சீ ஹாரியருக்கு ஓய்வு கொடுத்தது பின்னடைவா?

12 மே 2016, காலை: ஒரு வாசகரின் கேள்வி

நேற்று கோவா டபோலிமில் சீ ஹாரியர் விமானங்களுக்குக் கடற்படை விடைகொடுத்ததை டிவியில் பார்த்தேன். நின்ற இடத்திலிருந்து அப்படியே மேலே எழும்பும் விமானம், ஓடுதளமே தேவையில்லை. அதை அனுப்பிவிட்டு, ஓடித்தான் எழ வேண்டிய மிக்-29கே-யைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இது முன்னேற்றமா, பின்னடைவா? 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போரில் ஹாரியர் நடுவானில் சட்டென்று நின்று, துரத்தி வந்த அர்ஜென்டினா விமானங்களை முன்னால் போகவிட்டுச் சுட்டது என்று படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட விமானத்தை விடலாமா?

12 மே 2016, இரவு 10.15

நின்ற இடத்திலிருந்து எழ ஹாரியரால் முடியும். விமானக் கண்காட்சிகளில் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் நம் விமானந்தாங்கிக் கப்பல் விராட்டிலிருந்து ஆயுதம் ஏந்திக் கிளம்பிய ஹாரியர் ஓடித்தான் எழுந்தது. காரணம் எடைக் கணக்கு, வேறொன்றுமில்லை.

ஹாரியரின் கடற்படை வகையான சீ ஹாரியரின் வெற்று எடை சுமார் 6.4 டன். அதன் பெகாசஸ் எஞ்சின் முழு மூச்சில் தரும் உந்துவிசை சுமார் 9.7 டன். செங்குத்தாக எழும்போது இறக்கைக்கு வேலையே இல்லை, முழு விமானத்தையும் எஞ்சின்தான் தூக்க வேண்டும். அந்த விசையிலும் ஒரு பங்கு விமானத்தை ஆடாமல் பிடித்துவைக்கப் போய்விடும். மிச்சத்தில்தான் விமானி, எரிபொருள், ஏவுகணை, பீரங்கிக் குண்டுகள் எல்லாம். ஆயுதம் ஏற்றினால் எரிபொருளுக்கு இடமில்லை, எரிபொருள் ஏற்றினால் ஆயுதத்துக்கு இடமில்லை. அதே விமானம் கொஞ்ச தூரம் ஓடி, இறக்கையின் உதவியையும் வாங்கிக்கொண்டு எழுந்தால் ஏறக்குறைய 11.9 டன் வரை தூக்கும்.

அதனால் ஓடி எழுவார்கள், செங்குத்தாக இறங்குவார்கள். திரும்பி வரும்போது எரிபொருள் எரிந்து விமானம் இளைத்திருக்கும், அப்போது செங்குத்தாக இறங்க விசை போதும். ஹாரியரின் சொத்து அந்த இறக்கம்தான். ஹாரியர் விமானிகளிடையே ஒரு பேச்சு உண்டு: இறங்கிவிட்டு நிற்கப் பாடுபடுவதைவிட, நின்றுவிட்டு இறங்குவது சுலபம் என்று.

ஃபாக்லாந்து விஷயத்துக்கு நாளை வருகிறேன்.

13 மே 2016, இரவு 9.50

நடுவானில் நின்று சுட்ட கதை இன்னும் பல தமிழ்ப் பக்கங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. உத்தி இருந்தது உண்மை. பறந்துகொண்டிருக்கும்போதே நாசில்களை, அதாவது எஞ்சினின் விசை வெளியேறும் திருப்பக்கூடிய வாய்களை, கீழ்நோக்கித் திருப்பினால் வேகம் மளமளவென்று குறையும். அமெரிக்க மரைன் விமானிகள் 1970-களில் இதைப் பயிற்சிச் சண்டைகளில் நிறையவே சோதித்தார்கள். ஆனால் 1982-இல் சீ ஹாரியர் வீழ்த்திய எதிரி விமானங்களில் ஒன்றுகூட இந்த உத்தியால் விழவில்லை.

அங்கே நடந்தது வேறு. 28 சீ ஹாரியர்கள் போரில் பங்கெடுத்தன, 20 எதிரி விமானங்களை வீழ்த்தின. வான் சண்டையில் ஒரு ஹாரியரும் விழவில்லை. காரணங்களில் முதலாவது சைட்வைண்டர் ஏவுகணையின் 9எல் வகை. பழைய வகைகளுக்கு எதிரியின் வாலுக்குப் பின்னால் போக வேண்டும், இதை முன்னாலிருந்தும் ஏவலாம். இரண்டாவது, அர்ஜென்டினா விமானங்கள் தங்கள் நாட்டுத் தளங்களிலிருந்து எரிபொருளின் கடைசி எல்லைவரை பறந்து வந்தன. தீவுகளுக்கு மேல் சில நிமிடங்களுக்கு மேல் நிற்க முடியாது, சண்டைக்காக, எரிபொருளைக் கொட்டி வேகம் கூட்டும் ஆஃப்டர்பர்னரைப் போட்டால் வீடு திரும்ப முடியாது. மே 1-ஆம் தேதி சண்டைக்குப் பிறகு அர்ஜென்டினாவின் மிராஜ் சண்டை விமானங்கள் உயரத்தில் வந்து மோதுவதையே விட்டுவிட்டன. மூன்றாவது, பிரிட்டிஷ் விமானிகளின் பயிற்சி.

இதில் செங்குத்து இறக்கத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் அது சண்டையில் இல்லை. தென் அட்லாண்டிக்கில் பனிக்காலம் தொடங்கும் நேரம். மேகம் கடலோடு ஒட்டிக் கிடக்கும், கப்பல் தளம் ஏறி இறங்கும். அந்த வானிலையில் வேகமாக வந்து கயிற்றில் கொக்கி மாட்டி இறங்கும் விமானங்கள் பல நாட்கள் பறந்தே இருக்காது. ஹாரியர் கப்பலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பார்த்து, இறங்கியது.

ஆறு சீ ஹாரியர்கள் போயின. இரண்டு தரையிலிருந்து வந்த தாக்குதலில், நான்கு விபத்தில். இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

13 மே 2016, இரவு 11.30

ஒரு சேர்க்கை. ஹாரியரால் மட்டுமே பிழைத்தது என்று பிரிட்டிஷ் கடற்படையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறக்கும் ஒன்று: ஹாரியர் மட்டும் ஓடும் சிறிய கப்பலில், வெகுதூரம் பார்க்கும் ரேடார் ஏந்திய விமானத்துக்கு இடமில்லாமல் போயிற்று. மே 4-ஆம் தேதி ஷெஃபீல்ட் கப்பலை எக்சோசே ஏவுகணை தாக்கியபோது அந்தக் குறை வெட்டவெளிச்சமானது.

15 மே 2016, காலை 7.20

‘செங்குத்தாக எழுவது பயன்படவில்லை என்றால் எதற்கு அப்படி வடிவமைத்தார்கள்?’ என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழமை, நிதானமாக எழுதுகிறேன்.

1950-களில் ஐரோப்பாவில் எல்லோருக்கும் ஒரே பயம்: போர் வந்தால் முதல் நாளே ஓடுதளங்கள் காலி. விமானம் நன்றாக இருக்கும், எழுவதற்குத் தரை இருக்காது. அதனால் ஓடுதளம் வேண்டாத விமானத்துக்கு ஆளாளுக்கு ஒரு வழி தேடினார்கள். அமெரிக்காவில் வாலில் நிற்கும் விமானங்களைச் செய்து பார்த்தார்கள், அண்ணாந்து படுத்தபடி பின்னால் பார்த்து இறக்குவது விமானிக்குச் சாத்தியப்படவில்லை. பிரான்சில் மிராஜ் 3வி என்று ஒன்று. தூக்குவதற்கு மட்டும் எட்டு எஞ்சின்கள், பறக்க ஒன்று. எழுந்த பிறகு அந்த எட்டும் வெறும் சுமை.

1956-இல் மிஷேல் விபோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வேறு மாதிரி யோசித்தார். ஒரே எஞ்சின், அதன் விசையை நான்கு இடங்களில் வெளியேற்றி, வேண்டிய திசையில் திருப்பிக்கொள்வது. அவருடைய முதல் வரைபடம் பருமனானது, விசிறிப் பெட்டிகளும் தண்டுகளும் கியர்களும் நிறைந்தது. நேட்டோ அலுவலகம் வழியாக அது பிரிஸ்டல் எஞ்சின் நிறுவனத்தின் ஸ்டான்லி ஹூக்கரிடம் போனது. அவருடைய குழுவில் இருந்த கார்டன் லூயிஸ் அதை இளைக்கவைத்து ஒரு ஜெட் எஞ்சினாக மாற்றினார். அதுதான் பெகாசஸ் ஆயிற்று. முன் இரண்டு நாசில்களில் விசிறி தள்ளும் குளிர்ந்த காற்று, பின் இரண்டில் எரிந்த வாயு.

ஹாக்கர் நிறுவனத்தில் ரால்ஃப் ஹூப்பர் இந்த எஞ்சினைச் சுற்றி விமானத்தை வரைந்தார். தலைமை வடிவமைப்பாளர் சிட்னி காம், இரண்டாம் உலகப் போரின் ஹரிக்கேனைச் செய்தவர். எரிந்த வாயுவை இரண்டாகப் பிரித்து விமானத்தின் இருபுறமும் வெளியே விடுவது ஹாக்கருக்குப் பழகிய வேலை, அவர்களுடைய சீ ஹாக்கில் ஏற்கனவே அப்படித்தான் இருந்தது. நம் கடற்படையின் 300-ஆம் படைப்பிரிவு, வெள்ளைப்புலிகள், ஹாரியருக்கு முன் ஓட்டியது அந்த சீ ஹாக்கைத்தான். 1971 போரில் நம் பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்திலிருந்து கிழக்கு வங்கத் துறைமுகங்களைத் தாக்கியது அதுதான்.

அரசாங்கம் பணம் தரவில்லை. இனி ஏவுகணைதான், விமானி ஓட்டும் சண்டை விமானம் வேண்டாம் என்று 1957-இல் பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்திருந்தது. எஞ்சின் செலவில் முக்கால் பங்கை அமெரிக்கப் பணத்தில் ஓடிய நேட்டோ திட்டம் தந்தது, விமானத்தின் உடலை ஹாக்கர் சொந்தப் பணத்தில் தொடங்கியது. பெயர் பி.1127.

1960 அக்டோபர் 21, இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்ட். விமானத்தைச் சங்கிலியால் தரையோடு கட்டி, கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றி எடை குறைத்து, முதல்முறை எழுப்பினார்கள். ஓட்டிய பில் பெட்ஃபோர்டுக்குக் கார் விபத்தில் கால் முறிந்து மாவுக்கட்டு. அந்தக் கட்டோடு ஏறி ஓட்டினார். எஞ்சினின் விசை அன்று 5 டன் அளவுதான், பின்னாளில் இருந்ததில் பாதி. நவம்பர் 19-இல் கட்டில்லாமல் எழுந்தது. 1961 மார்ச் 13-இல் சாதாரண விமானம்போல ஓடிப் பறந்தது. அந்தரத்தில் நிற்பதிலிருந்து பறப்பதற்கும் பறப்பதிலிருந்து நிற்பதற்கும் மாறியது 1961 செப்டம்பரில். தொடக்கத்தில் எல்லோரும் பயந்தது அந்த மாற்றத்துக்குத்தான், அதுவோ அவ்வளவு சிரமப்படுத்தவில்லை.

அப்புறம் 1963-இல் பாரிஸ் கண்காட்சியில், கூட்டத்துக்கு முன்னால், நாசிலைத் திருப்பும் மோட்டாரில் தூசி சிக்கி விமானம் தொப்பென்று விழுந்தது. பெட்ஃபோர்ட் பிழைத்தார். திட்டமும் பிழைத்தது.

15 மே 2016, பகல் 1.10

சாப்பிட்டுவிட்டுத் தொடர்கிறேன். 1965-இல் பிரிட்டன், அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி மூன்றும் சேர்ந்து ஒன்பது விமானங்களை வைத்து ஒரு சோதனைப் படைப்பிரிவு நடத்தின. அப்போது பெயர் கெஸ்ட்ரல். இரண்டாம் உலகப் போரில் 301 விமானங்களை வீழ்த்திய கெர்ஹார்ட் பார்க்ஹார்ன் அதில் ஒரு விமானி. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பெரிய தம்பி பி.1154-ஐ அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசு ரத்து செய்தது. மிஞ்சிய சின்ன விமானம்தான் ஹாரியர் என்ற பெயரில் 1969 ஏப்ரல் 1-இல் விட்டரிங் தளத்தில் சேவைக்கு வந்தது.

அடுத்த மாதமே அட்லாண்டிக்கைக் கடக்கும் போட்டி. லண்டன் நடுவில் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் நிலக்கரிக் கொட்டடியிலிருந்து ஒரு ஹாரியர் எழும்பியது. கரித்தூசி மேகமாகக் கிளம்பி வேடிக்கை பார்த்தவர்கள் மேலெல்லாம் படிந்தது. வழியில் வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு நியூயார்க் மன்ஹாட்டனில் ஆற்றோரம் போய் இறங்கியது. நகரத்திலிருந்து நகரத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

ஆக, ஓடுதளம் போய்விடும் என்ற பயத்தில் பிறந்தது. காட்டுக்குள் ஒளித்துவைத்து ஓட்டுவதாகத் திட்டம். கடைசியில் பேர் வாங்கியது கப்பலில்.

18 மே 2016, இரவு 10.40

ஹாரியரை நேரில் பார்த்த அனுபவம் கேட்டிருக்கிறார்கள். 90-களில் சில வருடங்கள் கப்பல் பழுதுபார்க்கும் வேலையாக வாஸ்கோவில் இருந்தேன். டபோலிம் விமான நிலையம் கடற்படைத் தளமும்கூட. பயணிகள் விமானத்துக்காகக் காத்திருப்பவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாரியரைப் பார்ப்பார்கள். போக்மாலோ சாலையில் போகும்போது அது அந்தரத்தில் நின்று பழகுவதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன்.

முதலில் சத்தம். வழக்கமான ஜெட்டின் சத்தம் வரும், கடக்கும், போய்விடும். இது வரும், அங்கேயே இருக்கும். நெஞ்சுக்கூட்டில் உணர முடியும். பக்கத்து மரத்துக் காக்கைகள் எல்லாம் வேறு ஊருக்குப் போய்விடும். விமானத்துக்குக் கீழே காற்று கானல் மாதிரி நெளியும். அப்புறம் கவனித்தால் மூக்கிலும் வால் நுனியிலும் இறக்கை நுனிகளிலும் என்னவோ சின்னச் சின்னதாக வேலை நடந்துகொண்டே இருக்கும். அந்தரத்தில் நிற்கும்போது இறக்கைமேல் காற்று ஓடாது, ஆகவே விமானத்தைத் திருப்பும் வழக்கமான மடிப்புத் தகடுகள் எதுவும் வேலை செய்யாது. எஞ்சினின் அழுத்தக் காற்றைக் குழாய் போட்டு அந்த நான்கு முனைகளுக்கும் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாக ஊதித்தான் நேராக வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் விளக்குமாற்றுக் குச்சியை நிறுத்திவைத்துக்கொண்டே நடப்பது மாதிரி. சிறு சிறு திருத்தம் நொடிக்கு நொடி.

விமானியின் இடது கையில் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில், அதன் பக்கத்திலேயே நாசில் நெம்புகோல். ஹாரியருக்கென்று கூடுதலாக வந்த முக்கியமான கைப்பிடி அது ஒன்றுதான். இவ்வளவு விசித்திரமான விமானத்தை ஒரே ஒரு நெம்புகோலில் அடக்கியது பெரிய பொறியியல் சாதனை என்று நினைக்கிறேன். அதே சமயம் ஆபத்தும் அதுதான். திராட்டிலுக்குப் பதிலாக நாசிலை இழுத்துவிட்டால் கதை முடிந்தது.

முன் கண்ணாடிக்கு முன்னால், மூக்கின்மேல், ஒரு சின்னக் காற்றுத்திசைகாட்டி இருக்கும். விரல் நீளத் தகடு, ஒரு முளையில் சுழலும். ரேடார், கணினி எல்லாம் இருக்கிற விமானத்தில் எதற்கு இந்தத் தகடு? மெதுவாக வரும்போது காற்று பக்கவாட்டில் பட்டால் விமானம் சட்டென்று குப்புறப் புரண்டுவிடும், திருத்த நேரமிருக்காது. ஆரம்ப காலத்தில் இதில் விமானிகள் இறந்திருக்கிறார்கள். அந்தத் தகடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். உயிர் காக்கும் கருவி என்றால் அதுதான்.

கப்பலில் இறங்கும் முறை: கப்பலின் இடது பக்கமாக வந்து, அதே வேகத்துக்குக் குறைத்து, பக்கத்திலேயே மிதந்து, பிறகு பக்கவாட்டில் நகர்ந்து தளத்துக்கு மேல் வந்து, இறங்க வேண்டும். சக்கரம் தொட்டதும் திராட்டிலை மூட வேண்டும்.

18 மே 2016, இரவு 11.25

இதையும் சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது எஞ்சின் சூடாகாமல் கூடுதல் விசை தர, உள்ளே தண்ணீர் தெளிப்பார்கள். சுமார் 225 லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர். அவ்வளவும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் இறங்கியாக வேண்டும்.

21 மே 2016, மாலை 6.05

வெப்பத்தைப் பற்றி ஒருவர் கேட்டது சரியான கேள்வி. காற்று சூடாக இருந்தால் அடர்த்தி குறையும், எஞ்சினின் விசை குறையும். வட கடலில் கணக்குப் போட்டுச் செய்த விமானத்தை மே மாத அரபிக்கடலில் ஓட்டும்போது, மிச்சம் வைத்திருந்த விசையெல்லாம் கரைகிறது. சுடாத ஏவுகணையோடு திரும்பி வந்தால் அந்த எடையோடு செங்குத்தாக இறங்க முடியாமல் போகும். இறக்க எடை என்பதுதான் ஹாரியரின் கழுத்தில் எப்போதும் இருந்த சுருக்கு. பிரிட்டன் தன் சீ ஹாரியர் எஃப்ஏ2 விமானங்களை 2006-இல் ஓய்வில் அனுப்பியபோது சொன்ன காரணங்களில் இந்த வெப்பநாட்டுச் சிக்கலும் ஒன்று. அந்த விமானங்களில் சிலவற்றை வாங்க நம் கடற்படை பார்த்தது, ரேடாரையும் ஏவுகணை வசதியையும் கழற்றிவிட்டுத்தான் தருவோம் என்றதால் வேண்டாம் என்று விட்டுவிட்டது.

21 மே 2016, இரவு 8.30

ஓடி எழுவதாகச் சொன்னேனே, அதன் இரண்டாம் பாதி ஸ்கீ ஜம்ப். விராட்டின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், 12 டிகிரி. டக் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கடற்படைப் பொறியாளர் 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வுக்காக யோசித்தது. கேட்க வேடிக்கையாக இருக்கும்: தளத்தின் நுனியை மேல்நோக்கி வளைத்தால் அதே தூரம் ஓடி ஒரு டன்னுக்கு மேல் கூடுதலாகத் தூக்கலாம்.

விஷயம் இதுதான். சரிவின் நுனியில் விமானத்துக்குப் பறக்கும் வேகம் வந்திருக்காது. ஆனால் மேல்நோக்கி எறியப்பட்டிருப்பதால் கீழே வளைந்து விழ சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் எஞ்சின் தள்ளித் தள்ளி வேகத்தைச் சேர்த்துக்கொள்ளும், இறக்கை சுமையை வாங்கிக்கொள்ளும். எஞ்சின் நின்றால்கூட விமானி வெளியே குதிக்க அந்த உயரம் உதவும். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. எஃகை வளைத்ததோடு சரி. 1977-இல் தரையில் சோதித்தார்கள், ஐந்து வருடத்தில் போரில் ஓடியது.

நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். பழைய விக்ராந்த் சிறிய கப்பல். நீராவியில் விமானத்தை உந்தி எறியும் கேட்டபுல்ட் வயதாகிக்கொண்டிருந்தது, சீ ஹாக்குகளும் முடியும் நிலை. பெரிய ஜெட் எதுவும் அதில் இறங்காது. 1972-லேயே ஹாக்கர் நிறுவனம் ஒரு ஹாரியரைக் கொண்டுவந்து விக்ராந்தில் இறக்கிக் காட்டியது. 1979-இல் முதல் ஆர்டர், ஆறு சண்டை விமானம், இரண்டு பயிற்சி விமானம். 1983 டிசம்பர் 16-இல் முதல் மூன்று டபோலிமில் வந்து இறங்கின. படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய அருண் பிரகாஷ் பின்னாளில் கடற்படைத் தளபதியானார். நான்கே நாளில் விக்ராந்தில் ஹாரியர் இறங்கியது. பிறகு விக்ராந்துக்கும் சரிவு கட்டினார்கள். 1987-இல் ஹெர்மிஸ், ஆமாம், ஃபாக்லாந்தில் தலைமைக் கப்பலாக இருந்த அதே ஹெர்மிஸ், விராட் என்ற பெயரில் வந்தது.

ஹாரியர் கிடைத்திராவிட்டால் 80-களிலேயே நம் கடற்படை கப்பலிலிருந்து ஜெட் ஓட்டுவதை நிறுத்தியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். தளத்தில் விமானத்தை நகர்த்துவது, இரவில் இறக்குவது, கடலில் எஞ்சின் மாற்றுவது எல்லாம் கைப்பழக்கம். ஒரு தலைமுறை இடைவெளி விட்டால் எல்லாம் முதலிலிருந்து.

26 மே 2016, இரவு 10.00

விபத்துகள். முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

நாம் வாங்கியது சுமார் 30 விமானங்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி விபத்தில் போயின. போரில் இல்லை, பெரும்பாலும் சாதாரணப் பயிற்சிப் பறத்தலில். விமானிகள் இறந்தார்கள். நான் வாஸ்கோவில் இருந்தபோது, ஹாரியர் போன திசையில் இரவில் ஹெலிகாப்டர்கள் சுற்றினால் கடைத்தெருவில் பேச்சு நின்றுவிடும். மறுநாள் யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் இன்னும் மோசம். மரைன் படை 1971-இல் தொடங்கி முதலில் 110 ஹாரியர்களை வாங்கியது, பிறகு மெக்டொனல் டக்ளஸ் செய்த, பெரிய இறக்கை கொண்ட ஏவி-8பி என்ற ஹாரியர் வகையை. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் 2002-இல் இதைத் தோண்டி எழுதியது: போரில்லாத விபத்துகளில் 45 பேர் இறந்திருந்தார்கள். அந்தத் தொடருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஒரே எஞ்சின், அதுவே கால், அதுவே கை. வேறு விமானத்தில் எஞ்சின் நின்றால் சறுக்கிக்கொண்டு போக இறக்கை இருக்கிறது. அந்தரத்தில் நிற்கும் ஹாரியரில் எஞ்சின் நின்றால் விழுவதுதான், யோசிக்க ஓரிரு நொடி. பழைய ஹாரியரை ஓட்ட விமானி எல்லாவற்றையும் கையாலேயே செய்ய வேண்டும், கணினி காப்பாற்றாது. கண்காட்சியில் கைதட்டும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

27 மே 2016, காலை 6.50

சோவியத் யாக்-38 பற்றிக் கேட்டவருக்கு: அதில் தூக்குவதற்கென்றே தனியாக இரண்டு எஞ்சின்கள், பறக்க ஒன்று. மூன்றில் ஒன்று மக்கர் செய்தால் விமானம் உடனே கவிழும், ஆகவே சாய்வு அளவு மீறினால் விமானியைக் கேட்காமலே இருக்கை வெளியே எறிந்துவிடும். அதனால் பலர் உயிர் பிழைத்தார்கள். ஹாரியரில் நான்கு நாசிலும் ஒரே எஞ்சினில் பிறப்பவை, ஒரு பக்கம் மட்டும் விசை போகும் சிக்கல் இல்லை. விபோவின் யோசனை வென்றது இந்த இடத்தில்தான்.

யாக்-38-க்காகக் கட்டிய கப்பல் வரிசையில் கடைசியாக வந்ததுதான் அட்மிரல் கோர்ஷ்கோவ், நம் கடற்படையின் இன்றைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யா. ஏவுகணைக் குழல்கள் இருந்த முன்பக்கத்தை வெட்டியெடுத்து, அங்கே ஸ்கீ ஜம்ப் கட்டினார்கள்.

9 ஜூன் 2016, இரவு 9.15

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி, விராட்டில் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இழையைப் பற்றிச் சொன்னதும், ‘ஏலே, எல்லாரும் பறக்கிறதையே எழுதுறீங்க, எஞ்சின் மாத்துறதை எழுது’ என்றார். எழுதுகிறேன்.

ஹாரியரில் எஞ்சினைக் கீழே இறக்கவோ பின்னால் உருவவோ முடியாது, நான்கு நாசில்களும் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். மேலே இறக்கை இருக்கிறது. ஆகவே முதலில் முழு இறக்கையையும் ஒரே துண்டாகக் கழற்றித் தூக்க வேண்டும். அதற்குள் எரிபொருள் குழாய், நுனிக்குப் போகும் அழுத்தக் காற்றுக் குழாய், மின்கம்பிகள், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். கப்பல் ஆடும்போது, ஹேங்கரில், கிரேனில் தொங்கும் இறக்கையை நான்கு மூலையிலும் ஆள் நின்று பிடிப்பார்களாம். திரும்ப உட்காரவைத்த பிறகு ஒவ்வொரு இணைப்பையும் சோதித்து, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் கையெழுத்து. ‘கையெழுத்துப் போட்ட அன்னைக்கு அது எறங்குற வரைக்கும் சோறு எறங்காது’ என்றார் அண்ணாச்சி.

27 ஜூலை 2016, இரவு 10.20

முதல் கேள்விக்கு நான் நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். மிக்-29கே ஒலியைவிட வேகமானது, எழும்போது அதன் மொத்த எடை ஹாரியரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கலாம், இரண்டு எஞ்சின். ஹாரியருக்குக் கடைசியில் இஸ்ரேல் ரேடாரும் டெர்பி ஏவுகணையும் போட்டுப் புதுப்பித்தார்கள், ஆனாலும் உதிரிபாகம் செய்ய ஆளில்லை. பிரிட்டனே 2010 டிசம்பரில் தன் கடைசி ஹாரியர்களை நிறுத்தி, 72 விமானங்களை உதிரிபாகத்துக்காக அமெரிக்க மரைன்களுக்கு விற்றுவிட்டது. ஆகவே பின்னடைவு இல்லை, மாறித்தான் ஆக வேண்டும் என்பது என் பதில்.

ஆனால் இந்த வாரம் வந்த சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையைப் படித்தபின் பதிலோடு ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது. மிக்-29கே பறக்கத் தயாராக இருந்த விகிதம் 16 முதல் 38 சதவீதத்துக்குள்தான் என்கிறது. எவ்வளவு நல்ல விமானமானாலும் ஹேங்கரில் நின்றால் கப்பல் வெறும் தளம்தான். மாற்றம் சரி, மாறிய பிறகு பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதை விடாமல் கேட்க வேண்டும்.

7 மார்ச் 2017, காலை 8.00

நேற்று மும்பையில் விராட்டும் ஓய்வு பெற்றது. பிரிட்டனில் 1959 முதல், இங்கே 1987 முதல். அண்ணாச்சி போகவில்லை. டிவியில் பார்த்தார்.

29 செப்டம்பர் 2020, இரவு 9.30

விராட்டை குஜராத்தின் அலங் கடற்கரையில் நேற்று ஏற்றிவிட்டார்கள், உடைப்பதற்காக. அருங்காட்சியகமாக வைக்க எத்தனையோ யோசனை வந்தது, எதுவும் கூடவில்லை. ஃபாக்லாந்தின் தலைமைக் கப்பலும் நம் ஹாரியர்களின் வீடும் ஒரே கப்பல். அதை வைத்துக்கொள்ள இரண்டு நாட்டிலும் வழி பிறக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

4 செப்டம்பர் 2022, மாலை 5.45

கொச்சியில் புது விக்ராந்தைப் பார்த்தீர்களா? மூக்கு வளைந்திருக்கிறது. ஹாரியருக்காக டெய்லர் கணக்குப் போட்ட சரிவு, ஹாரியர் போன பிறகும் நம் இரண்டு கப்பல்களிலும் நிற்கிறது. கடற்படைக்கான தேஜாஸை கோவாவில் 2014-இல் தரையில் கட்டிய சரிவிலிருந்து எழுப்பிப் பார்த்தார்கள். இறங்குவது மட்டும் பழைய முறைக்கே திரும்பிவிட்டது, கயிறும் கொக்கியும்.

11 செப்டம்பர் 2022, காலை 10.10

கோவா போகிறவர்களுக்கு, கேட்டதால்: போக்மாலோ சாலையில் கடற்படை விமான அருங்காட்சியகம், வெளியிலேயே சீ ஹாரியர் நிற்கிறது. பக்கத்தில் போய் நாசிலைப் பாருங்கள், முன் இரண்டுக்கும் பின் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும், பின்னாலிருப்பவை எரிந்த வாயுவின் சூட்டைத் தாங்கியவை. சக்கரங்கள் நடுவில் வரிசையாக இருக்கும், இறக்கைக்குக் கீழே ஆளுக்கொரு சின்னத் துணைச் சக்கரம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் மூக்கின்மேல் அந்தத் திசைகாட்டித் தகட்டின் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுவது நல்லது.